பால்குடக் கடன் தீர்த்தேன், பவுன் கடன் தீர்த்தேனா?

ஓம் சரவணபவ. 

போன மாசம் எங்க ஊர்த் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். மேற்படிப்புக்கு கனடா கிளம்புறான். கல்விக் கடன் கிடைச்சாச்சு, விசா வந்தாச்சு, பழனிக்குப் போய் மொட்டையும் போட்டாச்சு. எல்லாத்தையும் சந்தோஷமா சொல்லிட்டு, கடைசியில சிரிச்சுக்கிட்டே ஒண்ணு கேட்டான். "அண்ணா, அங்க பி.ஆர். வாங்கி செட்டில் ஆகிட்டா, இந்தக் கடனை யாருண்ணா அங்க வந்து கேட்கப் போறாங்க?"

விளையாட்டாத்தான் கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரலை. அவன் வாயால கேட்ட கேள்வியை நான் ஆறு வருஷம் வாழ்ந்தே காட்டியிருக்கேன். அன்னைக்கு அவனுக்கு ஒழுங்கா பதில் சொல்ல முடியலை. அதனால இங்கே எழுதுறேன். இது அறிவுரை இல்லை. தப்புப் பண்ணினவன் சொல்ற கணக்கு.

எதிர்வீட்டு அக்காவின் சங்கிலி

2013-ல் நான் சிங்கப்பூர் போனேன். ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். டிப்ளமோ முடிச்சுட்டு ரெண்டு வருஷம் சும்மா சுத்திக்கிட்டு இருந்தேன். கட்டுமான வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு ஏஜென்ட் ஒருத்தர் சொன்னார். மூன்றரை லட்சம் கேட்டார்.

அப்பா காட்டுப் பத்திரத்தை ஒரு பைனான்ஸ்காரர்கிட்ட வச்சு ஒன்றரை லட்சம் வாங்கினார். மாமா ஒரு லட்சம் கொடுத்தார். வீட்டுல இருந்தது முப்பதாயிரம். இன்னும் எழுபதாயிரம் குறைஞ்சது.

எதிர்வீட்டுல ஒரு அக்கா. கணவர் இல்லை. தையல் மெஷினை வச்சு ஒரு பொண்ணை வளர்த்துக்கிட்டு இருந்தாங்க. அம்மா அவங்ககிட்ட கேட்கக்கூட இல்லை. திண்ணையில உட்கார்ந்து புலம்பினதைக் கேட்டு அவங்களே கழுத்துல இருந்ததைக் கழட்டினாங்க. அஞ்சு பவுன் சங்கிலி. தன் பேர்லேயே வங்கியில் நகைக்கடன் போட்டு எழுபதாயிரத்தைக் கொண்டு வந்து கொடுத்தாங்க. "ஒரு வருஷத்துல மீட்டுக் குடுத்துரு தம்பி, பாப்பா கல்யாணத்துக்கு வேணும்"னு மட்டும் சொன்னாங்க. பேப்பர் இல்லை, கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை.

சிங்கப்பூர்ல நாள் சம்பளம் 18 வெள்ளி. ஓவர்டைம் கிடைச்சா மாசம் எழுநூறு வெள்ளி தேறும், கிடைக்காட்டி அதுவும் இல்லை. சாப்பாட்டுக்காசு போக மிச்சத்தை ஊருக்கு அனுப்பினேன். முதல்ல பைனான்ஸ்காரர். ஏன்னா அவர் வாரா வாரம் வீட்டு வாசல்ல வந்து அப்பாவைச் சத்தம் போட்டார். அடுத்து மாமா. ஏன்னா அவர் முகத்தை ஒவ்வொரு விசேஷத்துலயும் பார்க்கணும். அக்கா மட்டும் கேட்கவே இல்லை. அதனால அவங்க வரிசையில கடைசிக்குப் போயிட்டாங்க.

சத்தம் போட்டவனுக்கு முதல்ல, நம்பினவங்களுக்குக் கடைசியில. இப்போ யோசிச்சா வெட்கமா இருக்கு. அப்போ ரொம்ப இயல்பா நடந்தது.

2015-ல் நகை ஏலத்துக்குப் போயிடுச்சு. நோட்டீஸ் அக்கா பேருக்குத்தான் வந்தது. அவங்க எங்க வீட்டுக்குச் சொல்லவே இல்லை. வட்டி, ஏலச் செலவு எல்லாம் போக எட்டாயிரத்துச் சொச்சம் அவங்க கைக்கு வந்ததாம். அம்மாவுக்கே ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சது.

தேங்க் ரோட்டில் ஒரு தைப்பூசம்

2016 தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெர்மிட் புதுப்பிச்சுக் கிடைச்சா பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டியிருந்தேன். கிடைச்சது. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல தொடங்கி தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் நடந்தேன். வழியெல்லாம் கூட்டம், அரோகரா சத்தம், கண்ணுல தண்ணி. பாலை ஊத்திட்டு வெளிய வந்தப்போ உடம்பே லேசாயிடுச்சு. நேர்த்திக்கடன் தீர்ந்ததுங்கிற நிம்மதி.

போட்டோவை வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாங்க. பேசிட்டு வைக்கும்போது அம்மா சொன்னது: "எதிர்வீட்டு அக்காவும் பார்த்துச்சுடா. தம்பி நல்லா இருக்கான்ல, அது போதும்னுச்சு."

அந்த ஒரு வார்த்தையில் என் நிம்மதி போயிடுச்சு. ஆனா திருந்திட்டேன்னு நினைக்காதீங்க. மனசு ரொம்பக் கெட்டிக்காரத்தனமா ஒரு வேலை பண்ணிச்சு. "போதும்னு அவங்களே சொல்லிட்டாங்களே"ன்னு அதைத் தள்ளுபடி மாதிரி எடுத்துக்கிச்சு.

2017-ல் அவங்க பொண்ணுக்குக் கல்யாணம். சங்கிலி இல்லை. வட்டிக்கு வாங்கி நகை போட்டாங்க. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அம்மா மூலமா ஐயாயிரம் ரூபாய் மொய் வச்சேன். மொய் நோட்டில் என் பேரை எழுதி, பக்கத்துல "சிங்கப்பூர்"னு போட்டிருந்தாங்களாம். அஞ்சு பவுன் கடன்காரன் ஐயாயிரம் மொய் வச்சுட்டு நல்ல பேர் வாங்கிக்கிட்டேன்.

ரெண்டுமே கடன்தான்

நாம வேண்டுதலுக்கு வச்சிருக்கிற பேரே நேர்த்திக்கடன். தமிழ்ல அதையும் கடன்னுதான் சொல்றோம். அதைத் தீர்க்காம விட்டா நமக்குத் தூக்கம் வராது. லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, கடல் தாண்டி வந்து மொட்டை போடுறோம். முருகன் கடிதம் அனுப்புறானா? வாசல்ல வந்து சத்தம் போடுறானா? இல்லை. கேட்காத கடனைத் தேடிப் போய்க் கட்டுறோம். அப்போ கேட்காத கடனைக் கட்டுற மனசு நமக்கு இருக்கு. தெய்வத்துக்கு மட்டும் அதை வச்சுக்கிட்டு, மனுஷங்களுக்குக் கொடுக்க மறந்துட்டோம். பாலும் முடியும் கிடைக்காட்டி முருகனுக்கு ஒரு குறையும் இல்லை. அக்காவுக்கு அந்தச் சங்கிலி இல்லாம ஒரு கல்யாணமே கஷ்டமாச்சு.

நான் நடந்து போன அந்தத் தேங்க் ரோடு கோயிலைக் கட்டினது யார் தெரியுமா? நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், 1859-ல். அவங்க தொழிலே கடல் கடந்து போய் வட்டிக்குப் பணம் கொடுக்கிறதுதான். அவங்க தொழில்ல மகமைன்னு ஒண்ணு உண்டு. கொடுக்கல் வாங்கல்ல ஒரு சிறு பங்கைக் கோயிலுக்குன்னு கணக்குல எடுத்து வச்சிடுவாங்க. சாமி கணக்கும் மனுஷக் கணக்கும் ஒரே பேரேட்டுல. நான் ரெண்டையும் வேற வேற நோட்டுல எழுதி, ஒண்ணைத் தொலைச்சுட்டேன்.

இன்னொரு பழைய கதை. கி.மு. 399-ல் ஏதென்ஸ் நகரத்தில் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை. விஷம் குடிச்சு கால் மரத்துக்கிட்டே வருது. அந்த நேரத்துல நண்பர் கிரிட்டோவைக் கூப்பிட்டு அவர் கடைசியா சொன்னது, மருத்துவத் தெய்வம் அஸ்கிலேப்பியஸுக்கு ஒரு சேவல் கடன்பட்டிருக்கோம், மறக்காம கொடுத்துடுங்கங்கிறதுதான். பிளேட்டோ எழுதி வச்சிருக்கார். நம்ம ஊர்ல சேவல் நேர்ந்து விடுற மாதிரியே இருக்கு இல்லையா? அதுக்கு என்ன அர்த்தம்னு அறிஞர்கள் இன்னும் விவாதம் பண்றாங்க. எனக்குப் பிடிச்சது எளிமையான அர்த்தம். யாராலும் தேடி வர முடியாத ஊருக்குக் கிளம்புறப்போகூட அந்த மனுஷன் பாக்கி என்னன்னு யோசிச்சிருக்கார். நாம போறது கனடாவுக்குத்தான்.

"சட்டம் என்னைத் தொடாது"

தம்பி கேட்டதுக்கு முதல்ல சட்டப்படி பதில் சொல்லிடுறேன்.

கைமாத்துக் கடனுக்கு இந்தியாவில் காலக்கெடு மூணு வருஷம். அதுக்குள்ள வழக்குப் போடலைன்னா அப்புறம் கோர்ட்டு மூலமா வசூலிக்க முடியாதுன்னு பொதுவா எல்லாருக்கும் தெரியும். நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம், 15-ஆம் பிரிவு, 5-ஆம் உட்பிரிவு. கடன்காரர் இந்தியாவுக்கு வெளியே இருக்கிற நாட்களை அந்தக் கெடுவில் கழிச்சுடணும். அதாவது நீ வெளிநாட்டுல இருக்கிற வரைக்கும் கடனுக்கு வயசே ஆகாது. "அங்க போயிட்டா கடன் செத்துடும்"னு நாம நினைக்கிறோம். சட்டம் நேர் எதிராச் சொல்லுது.

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு இன்னும் அழகு. கெடு முடியறதுக்கு முன்னாடி, "ஆமாம், நான் பாக்கி தரணும்"னு கடன்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், மூணு வருஷம் அன்னையிலிருந்து புதுசா தொடங்கும். கெடு முடிஞ்ச கடனைக்கூட, தர்றேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அது செல்லுபடியாகும் வாக்குன்னு 1872 ஒப்பந்தச் சட்டம் சொல்லுது. காலம் கடந்தா வழக்குப் போடுற வழிதான் அடைபடுது, கடன் அடைபடுறது இல்லை. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில இதுக்குத் திரும்ப வருவேன்.

"வங்கி பெரிய இடம், அவங்களுக்கு என்ன நஷ்டம்?"

கல்விக் கடன் வாங்கின தம்பி தங்கைகள் நிறையப் பேருக்கு இந்த எண்ணம் இருக்கு. பெரிய முதலாளிங்க கோடி கோடியா கட்டாம வெளிநாட்டுல சொகுசா இருக்காங்க, நான் கட்டற இருபது லட்சத்துலயா நாடு முன்னேறப் போகுதுங்கிற கோபமும் இருக்கு. கோபம் நியாயம்தான். ஆனா கடன் பேப்பரை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. உன் கையெழுத்துக்குப் பக்கத்துல இன்னொரு கையெழுத்து இருக்கும். அப்பாவோ அம்மாவோ, இணைக் கடன்தாரர். பல வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்துப் பத்திரமும் கேட்பாங்க. அந்தப் பத்திரம் நீ பிறந்த வீடா இருக்கும். கட்டாம விட்டா, 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி அந்த வீட்டைக் கையகப்படுத்தலாம். டொராண்டோவுக்கு யாரும் வர மாட்டாங்க. வசூல்காரர் ஒட்டன்சத்திரத்துக்குத்தான் வருவார்.

பழைய இந்து சட்டத்துல, அப்பா நியாயமா வாங்கின கடனை மகன் அடைக்கிறது புண்ணியக் கடமைன்னு ஒரு கோட்பாடே இருந்தது. 2005 திருத்தத்துக்கு அப்புறம் வாங்கின கடன்களுக்கு அந்தக் கோட்பாட்டை எடுத்துட்டாங்க. வேடிக்கை என்னன்னா, அப்போ அப்பா பட்ட கடன் மகன் தலையில விழுந்தது. இப்போ மகன் பட்ட கடன் அப்பா தலையில விழுது.

அதனால வங்கிக்கு நஷ்டமா இல்லையாங்கிறது கேள்வியே இல்லை. உனக்காகக் கையெழுத்துப் போட்டவங்க அந்தக் கையெழுத்துக்குப் பதில் சொல்ற நிலைக்கு வரலாமாங்கிறதுதான் கேள்வி.

எல்லாமே கடனா?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு. அதை மறைக்கக் கூடாது. கடன்னு சொல்லி எழுதினதெல்லாம் கடன் ஆகிடாது.

நம்ம முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன காலத்தில் 'துண்டு' முறைன்னு ஒண்ணு இருந்தது. ஊர்ல இருந்து கூட்டிட்டுப் போன செலவு, முன்பணம், அரிசி எல்லாத்தையும் கங்காணி கணக்குல எழுதுவாங்க. அந்தப் பாக்கித் தொகையைக் கட்டினாத்தான் ஆட்களை விடுவிப்பேன்னு தோட்டத்துரை ஒரு சீட்டு கொடுப்பார். அதுதான் துண்டு. புதுத் தோட்டம் அந்தப் பாக்கியைக் கட்டி ஆட்களை எடுக்கும். பாக்கி மறுபடியும் தொழிலாளி தலையிலேயே ஏறும். கடன் தீரவே தீராது. 1921-ல்தான் அந்த முறையை ஒழிச்சாங்க. அந்தக் கணக்கை விட்டுட்டு ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போயிருந்தா, அவரைக் கடன் ஏமாத்தினவர்னு நான் சொல்ல மாட்டேன். அது கடன் இல்லை, விலங்கு.

நம்ம காலத்துலயும் அப்படி உண்டு. கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி எல்லாத்தையும் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செஞ்சாச்சு. பத்தாயிரம் கொடுத்துட்டு அஞ்சு மடங்கு வாங்கின பிறகும் பாக்கி இருக்குன்னு சொல்றவருக்கு, வெளிநாட்டுல இருந்து மாசாமாசம் அனுப்பிக்கிட்டே இருக்கணும்னு எந்தத் தர்மமும் சொல்லலை. என் ஏஜென்ட் விஷயமும் அதே மாதிரிதான். பதிவு பெற்ற ஏஜென்ட் இன்றைய விதிப்படி 30,000 ரூபாயும் அதுக்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். என்கிட்ட மூன்றரை லட்சம் வாங்கினவருக்கு இன்னும் பாக்கின்னு ஒண்ணு இருந்திருந்தா, அதைக் கட்டாம விட்டிருந்தாலும் எனக்கு உறுத்தியிருக்காது.

ஆனா இந்த நியாயத்துக்குள்ள நாம வேற ஒண்ணைக் கடத்திக்கிட்டு வந்துடுறோம். ஏஜென்ட் என்னை ஏமாத்தினார், அது நிஜம். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா கடனையும் அதோட சேர்த்து மறந்தேன். ஒருத்தர் எனக்குச் செய்த அநியாயத்துக்கு இன்னொருத்தர் கிட்ட வசூல் பண்ணினேன்.

போரால ஊரைவிட்டு ஓடினவங்க கதை தனி. 1983-க்கு அப்புறம் இலங்கையில் இருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன நம்ம சொந்தங்கள் எத்தனையோ பேர், உறவுக்காரங்க நகையையும் காணியையும் வித்துக் கொடுத்த காசில் போனவங்க. உயிரைக் கையில பிடிச்சு ஓடினவங்ககிட்ட "எப்ப தருவே"ன்னு கேட்கிறது கொடுமை. வேலையே இல்லாதவங்க, நோயில விழுந்தவங்க, காகிதம் கிடைக்காம வருஷக்கணக்கா காத்திருக்கிறவங்க, எல்லாருக்கும் அதேதான். இல்லாதவன் கொடுக்க முடியாது. அந்தக் கஷ்டம் காலத்தைத்தான் தள்ளிப்போடுது. கொடுத்தவங்களை மறக்கிறதுக்கு அது அனுமதி இல்லை.

"அரசாங்கக் கல்லூரியில படிச்சுட்டு வெளிநாடு போறதே நாட்டுக்குப் பட்ட கடன்தானே?"ன்னு சிலர் கேட்பாங்க. 1970-களில் ஜகதீஷ் பகவதிங்கிற பொருளாதார அறிஞர், படிச்சவங்க வெளிநாடு போனா அவங்க வருமானத்துல ஒரு சிறு வரி போட்டு ஏழை நாடுகளுக்குத் திருப்பணும்னே யோசனை சொன்னார். யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனா என் மனசுக்கு அது நன்றி, கடன் இல்லை. நன்றியை நாம விரும்பின விதத்துல செலுத்தலாம். கடனை வாங்கின ஆள்கிட்டதான் கொடுக்கணும். நன்றியைப் பேசிக்கிட்டு கடனைத் தள்ளிப் போடுறது நமக்கு ரொம்ப வசதி. ஊர் ஏரியைத் தூர்வார நன்கொடை கொடுத்தவர் பக்கத்து வீட்டுல வாங்கின பணத்தைக் கொடுக்காத கதை உங்க ஊர்லயும் இருக்கும்.

எழுபதாயிரமா, அஞ்சு பவுனா?

2019-ல் லீவில் வந்தேன். அதுக்குள்ள எனக்கு சூப்பர்வைசர் வேலை, சம்பளம் கூடியிருந்தது. இனிமே தள்ளிப்போட எந்தக் காரணமும் மிச்சம் இல்லை. ஆனா எவ்வளவு கொடுக்கிறதுங்கிறதுல மனசு மறுபடி பேரம் பேசிச்சு.

நான் வாங்கினது எழுபதாயிரம் ரூபாய். அதைத் திருப்பினா கணக்கு முடிஞ்சுது, கூட ஒரு வட்டி வேணும்னா போட்டுக்கலாம். அப்படித்தான் முதல்ல தோணிச்சு. ஆனா 2013-ல் சவரன் சுமார் 22,000. நான் வந்த நேரம் 28,000-ஐத் தாண்டியிருந்தது. எழுபதாயிரத்துக்கு ரெண்டரைப் பவுன்தான் வரும். அவங்க கழுத்துல இருந்து போனது அஞ்சு. (இதை எழுதற வரைக்கும் பார்த்தா இன்னும் மோசம். 2025-ல் சவரன் எழுபதாயிரத்தையும் தாண்டிடுச்சு. அதே பணத்துக்கு இன்னைக்கு ஒரு பவுன்கூட வராது.)

அப்போதான் ஒண்ணு புரிஞ்சது. நான் வாங்கினது எழுபதாயிரம். அவங்க கொடுத்தது அஞ்சு பவுன். கடனை வாங்கினவன் கையில விழுந்ததை வச்சு அளக்கிறதா, கொடுத்தவங்க கையை விட்டுப் போனதை வச்சு அளக்கிறதா? வாங்கினவனுக்கு எப்பவும் முதல் அளவு பிடிக்கும். வெளிநாட்டுல இருக்கிறவனுக்கு இன்னும் பிடிக்கும், ஏன்னா நாம சம்பாதிக்கிறது வெள்ளியில, கடன் ரூபாயில, வருஷம் ஆக ஆக அது சின்னதாத் தெரியும். சின்னதாத் தெரியறதாலயே "அப்புறம் கொடுத்துக்கலாம்"னு தோணும். கொடுத்தவங்க பக்கம் அது வருஷா வருஷம் பெருசாகிக்கிட்டே இருக்கும்.

வங்கிக்கு ஒப்பந்தத்துல எழுதின கணக்கு போதும். அங்க ரெண்டு பக்கமும் கணக்குப் போட்டுத்தான் கையெழுத்துப் போடுறோம். கணக்கே போடாம கழட்டிக் கொடுத்தவங்களுக்கு அவங்க இழந்ததைத்தான் திருப்பணும். அஞ்சு பவுனுக்கே சங்கிலி வாங்கினேன். ஏலத்துல மிச்சம் வந்த எட்டாயிரத்தைக் கழிக்கலை.

வாசல்ல நின்னேன். அக்கா மெஷின்ல உட்கார்ந்து ஜாக்கெட் தைச்சுக்கிட்டு இருந்தாங்க. "வா தம்பி, எப்ப வந்தே"ன்னு எழுந்தாங்க. பெட்டியைக் கையில வச்சேன். திறந்து பார்த்தாங்க. சங்கிலியை எடுத்து உள்ளங்கையில வச்சு எடை பார்த்தாங்க. ரொம்ப நேரம் பேசலை.

"அது எங்க அம்மா போட்டிருந்தது தம்பி"ன்னாங்க. குரல்ல கோபம் இல்லை. ஒரு தகவல் சொல்ற மாதிரிதான் சொன்னாங்க.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. "வட்டியும் தர்றேன்க்கா"ன்னு உளறினேன்.

"வட்டியெல்லாம் யாருக்கு வேணும். நோட்டீஸ் வந்தப்போ, பாப்பா கல்யாணத்தப்போ, ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல. இப்ப முடியலைக்கான்னு சொல்லியிருந்தா நான் என்ன, இல்லைன்னா சொல்லப்போறேன்?"

அப்புறம் டீ போட்டுக் கொடுத்தாங்க. குடிச்சுட்டு வந்தேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. சங்கிலியைக் கொடுத்தாச்சு, கடன் தீர்ந்துச்சான்னா, எனக்குத் தெரியலை. பவுன் கடன் தீர்ந்துச்சு. அவங்க அம்மா போட்ட சங்கிலி எந்த உலைக்களத்துல உருகிச்சோ, அதை எந்தச் சம்பளத்தாலயும் மீட்க முடியாது. அந்தக் கல்யாணத்துக்கு அவங்க வாங்கின வட்டிக் கடன், அப்போ பட்ட அவமானம், அதையும் மீட்க முடியாது. கடனைத் தாமதமாத் திருப்பலாம். தாமதத்தைத் திருப்ப முடியாது.

ஒரு போன்

மேல சொன்ன 18-ஆம் பிரிவை இப்போ நினைச்சுப் பாருங்க. "ஆமாம், நான் பாக்கி தரணும்"னு ஒரு வரி எழுதினா கடன் உயிரோட இருக்கும்னு சட்டம் சொல்லுது. அக்கா கேட்ட போனும் அதேதான். ஆறு வருஷம் நான் பணம் கொடுக்காதது பாதித் தப்பு. ஆறு வருஷம் பாக்கி இருக்குன்னே சொல்லாதது மீதித் தப்பு. முதல் பாதிக்குக் காரணம் சொல்லலாம், வருமானம் இல்லைன்னு. ரெண்டாவதுக்கு என்ன காரணம்? போன் பேச வாட்ஸ்அப் போதும், காசே வேண்டாம்.

அதனால தம்பிக்கு என் பதில் இது. வெளிநாடு போனவங்க ஊர்க்கடனைக் கட்டணுமா? கட்டணும். தூரம் கடனைத் தீர்க்காது. கொடுத்தவங்க வந்து கேட்கிறதுக்கான வழியை மட்டும்தான் அது எடுத்துடுது. கேட்க முடியாதவங்களுக்கு நாம எப்படிப் பதில் சொல்றோம்ங்கிறதுலதான் நாம யாருன்னு தெரியும்.

விமானம் ஏறும் முன்னாடி ஒரு நோட்டுல எழுதி வை. யாருக்கு எவ்வளவு, அவங்க எதை இழந்து கொடுத்தாங்கன்னும் சேர்த்து எழுது. சத்தம் போடாதவங்க பேரை முதல்ல எழுது. முடிஞ்ச மாசம் பணம் அனுப்பு. முடியாத மாசம் போன் பண்ணு. "பரவாயில்லை தம்பி"ன்னு அவங்க சொன்னா அது அவங்க பெருந்தன்மை, உனக்குக் கொடுத்த ரசீது இல்லை. உண்மையிலேயே வேண்டாம்னு சொல்றாங்கன்னா, கையில பணத்தோட போய் நின்னு, அப்போ அவங்க வாயால கேளு. கொடுத்தவங்க காலமாகிட்டா அவங்க பிள்ளைகளைத் தேடிக் கொடு. அவங்களுக்குக் கொடுக்க வேண்டியதை உண்டியல்ல போட்டுட்டு "சாமிக்குக் கொடுத்துட்டேன்"னு சொல்லாதே. சாமி உன்கிட்ட அதைக் கடனாக் கொடுக்கலை.

இந்த வருஷமும் தேங்க் ரோட்டுக்கு நடந்து போனேன். வேண்டுதல் எதுவும் இல்லை. சும்மா நடந்தேன். வெளிய வந்ததும் அம்மாவுக்கு முன்னாடி அக்காவுக்குத்தான் போன் பண்ணினேன். பேத்தி பேசப் பழகிட்டாளாம். போன்ல "அரோகரா" சொல்ல வச்சாங்க.

இதைப் படிக்கிற உங்க மனசுல இந்நேரம் ஒரு முகம் வந்திருக்கும். பகிர்றதை அப்புறம் பகிரலாம். முதல்ல அவங்களுக்கு ஒரு போன் போடுங்க.

வேலும் மயிலும் துணை.